எத்தனை பனிக்காலத்துக்கு

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டில் யன்னல் மாற்றத் தொடங்கினால் சில கோடைகளுக்குள் அந்தத் தெருவே மாற்றிவிடுகிறது. வீடுகள் ஒரே வயதுடையவை, ஒன்றாகவே மூப்படைகின்றன. 1950களில் தொடங்கி 1980கள் வரை, வயல்களை நிரவி, ஒரே மாதிரியான செங்கல் வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். பழைய பங்களாக்களுக்கு மரச்சட்டமும், பனிக்காலத்தில் வெளியே மாட்டுவதற்கென்று இன்னொரு கண்ணாடியும். பிந்தியவற்றுக்கு இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னல். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பலர், அடுக்குமாடிகளிலும் நிலக்கீழ் அறைகளிலும் சில காலம் இருந்து, இரண்டு வேலை செய்து காசு சேர்த்து வாங்கியவை இந்த வீடுகள்தான்.

அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம். வெளியே மைனஸ் 20 பாகை என்றால் அந்தக் குளிரின் பெரும்பங்கைச் சட்டத்தின் வழியே உள்ளே கொண்டுவந்து வைக்கும். மாலையில் சோறு வடித்து, கறி கொதிக்கவிட்ட வீட்டின் ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகும், இரவில் உறையும், காலையில் வெயில் பட்டதும் உருகித் திண்டில் வடியும். அங்கே பழைய துவாயைச் சுருட்டி வைத்திருக்கும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். துவாயை எடுத்தால் அடியில் ட்றைவோல் பலகை ஊதிப்போய், மூலையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். குழந்தைகளுக்கு இழுப்பு என்று மருந்து வாங்கும் வீட்டில் அந்த மூலையை நான் முதலில் பார்ப்பேன்.

ஆகவே மாற்றத்தான் வேண்டும். அதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயம் அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. வைனிலா, பைபர்கிளாஸா? கலியாண வீட்டிலும் கோயில் மண்டபத்திலும் இதைப்பற்றி நெடுநேரம் கதைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அந்த முறை வந்தபோது நானும் கொஞ்சம் ஆழமாகப் போய்ப் பார்த்தேன்.

வைனில் என்பது தண்ணீர்க் குழாயாக எல்லோருக்கும் தெரிந்த பி.வி.சி.தான். 1950களில் ஜேர்மனியில் அதை யன்னல் சட்டமாக்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வீட்டைச் சூடாக்கும் செலவு ஏறியபோது, வட அமெரிக்காவில் பரவியது. அதன் எடையில் 57 சதவீதம் உப்பிலிருந்து வரும் குளோரின். மீதி எண்ணெயிலிருந்தோ எரிவாயுவிலிருந்தோ வருவது. உருக்கி, அச்சுக்குள்ளால் தள்ளி, உள்ளே அறை அறையாகப் பிரிந்த நீண்ட சட்டமாக எடுக்கிறார்கள். பைபர்கிளாஸ் சட்டம் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. நூல் உருளைகளைப்போல் அடுக்கிவைத்த கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, சூடான அச்சின் ஊடாக மெதுவாக இழுப்பார்கள். மறுபக்கம் வரும்போது பிசின் இறுகியிருக்கும். இறுகியது பிறகு உருகாது. இந்த இரண்டு பொருட்களின் குணங்கள் பல இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகின்றன. வைனில் உருகும் என்பதால் அதன் மூலைகளைச் சூடாக்கி ஒட்டலாம். தண்ணீர் புக இடுக்கே இல்லாத மூலை கிடைக்கும். பைபர்கிளாஸ் மூலையைத் திருகாணி போட்டுப் பசை பூசித்தான் சேர்க்கலாம். அந்தப் பசை சரியில்லை என்றால் விலை கூடிய யன்னலிலும் மூலையால் தண்ணீர் வரும்.

ஆனால் சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் என்று வந்தால் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. எங்கள் முன்னறை யன்னல் இரண்டு மீட்டர் அகலம். தை மாதத்து மைனஸ் 25க்கும், ஆடி மாதத்து வெயில் சட்டத்தில் ஏறி 45 ஆவதற்கும் இடையில் 70 பாகை. அந்த மாற்றத்தில் இரண்டு மீட்டர் வைனில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். அதே நீளக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நீளும். பைபர்கிளாஸும் ஏறத்தாழ அவ்வளவே, ஏனென்றால் அதன் எடையில் பாதிக்கு மேல் கண்ணாடிதான். பனிக்காலத்தில் சட்டத்தின் உட்பக்கம் வீட்டுச் சூட்டில் இருப்பதால் வைனில் முழு அளவுக்குச் சுருங்குவதில்லை. வெளிப்பக்கம் சுருங்க, உட்பக்கம் சுருங்காமல் நிற்க, சட்டம் வில்லைப்போல மெல்ல வளையும். சிறிய யன்னலில் இது கண்ணுக்கே தெரியாது. அகலமான யன்னலில், தெற்குப் பார்த்த சுவரில், வருடா வருடம் நடக்கும்போது பூட்டு பொருந்தாமல் போகும்; ரப்பர் விளிம்பு தன் இடத்தைவிட்டு விலகும். நல்ல உற்பத்தியாளர் பெரிய வைனில் சட்டத்துக்குள் இரும்போ அலுமினியமோ வைத்துப் பலப்படுத்துவார். அப்படி வைத்த உலோகமும் தன் பங்குக்குக் குளிரைக் கடத்தும்.

இப்போது மார்க்கம் பக்கத்துப் புது வீடுகளில் கறுப்பு யன்னல் ஒரு மோகம். வைனில் 80 பாகை அளவில் இளகத் தொடங்குகிற பொருள். கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கும். பக்கத்து வீட்டின் லோ-ஈ கண்ணாடி, அதாவது வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி, குளிரில் சற்றுக் குழிந்து, வெயிலைக் குவித்துத் திருப்பி அடித்ததில், எதிர்ச் சுவரை மூடிய வைனில் பலகை உருகிச் சுருண்ட வீடுகள் வட அமெரிக்காவில் பல உண்டு. வெள்ளை யன்னலுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. கறுப்புத்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால், பைபர்கிளாஸுக்குக் காசு வைத்துக்கொண்டு நிற்கட்டும்.

குளிரைத் தடுப்பதில் எது மேல் என்று கேட்பவருக்கு என் பதில் ஏமாற்றமாக இருக்கும். யன்னலின் முக்கால் பங்கு கண்ணாடி. இரண்டு தட்டா, மூன்று தட்டா, இடையில் ஆர்கன் வாயு உண்டா, லோ-ஈ பூச்சு எந்தப் பக்கம், தட்டுகளைப் பிரிக்கும் ஓரப்பட்டி உலோகமா வேறேதாவதா என்பவற்றால்தான் பெரும்பகுதி தீர்மானமாகிறது. ஒரே கண்ணாடியைப் போட்டால் இரண்டு சட்டத்துக்கும் வித்தியாசம் சிறியது. கனடாவில் எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு 2020 முதல், வெப்பம் கசியும் அளவைச் சொல்லும் யூ-காரணி 1.22க்கு மேற்படக் கூடாது, அல்லது ஆற்றல் மதிப்பு 34க்குக் குறையக் கூடாது. இரண்டு பொருளிலும் அந்தத் தரத்தை எட்டும் யன்னல்கள் இருக்கின்றன. 2021இல் மத்திய அரசு தொடங்கிய மானியத் திட்டமும் ஓர் ஓட்டைக்கு 125 டொலர், மிகத் திறனுள்ள யன்னல் என்றால் 250 டொலர் என்று கொடுத்ததே தவிர, சட்டம் எதனால் ஆனது என்று கேட்கவில்லை. 2024 தொடக்கத்தில் அது புதிய விண்ணப்பங்களை நிறுத்திக்கொண்டது. அந்த மானியம் இன்னும் உண்டு என்று சொல்லிக்கொண்டு கதவு தட்டுபவரிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டவர்களும் அஞ்ச வேண்டாம்: ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து எழுதிய ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் கைவிடலாம்.

யன்னல் பூட்டுகிற தம்பி ஒருவர், பக்கத்துத் தெருவில் ஒரு வேலைக்கு வந்திருந்தவர், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய சட்டத்தை நெம்பிக் கழற்றியிருந்தார். சுவரில் சதுரமாக வானம் தெரிந்தது. கீழ்ப்பக்க மரத்தில் அவர் உளியை வைத்து அழுத்த, அது பிடி வரைக்கும் இறங்கியது. இழுத்தபோது கறுத்த ஈரத் தூள் உளியோடு வந்தது. பக்கவாட்டு இடைவெளிக்குள் யாரோ எப்போதோ திணித்த மஞ்சள் பஞ்சு, காற்று வந்த வழியெல்லாம் சாம்பல் நிறமாகி இருந்தது. அவ்வளவு காலமும் அந்த வீட்டுக்காரர் கண்ணாடிதான் குளிரைக் கொண்டுவருகிறது என்று அதற்குப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாராம்.

“அண்ணை, வைனிலோ பைபர்கிளாஸோ எண்டு எல்லாரும் கேக்கினம். இந்த ஓட்டையை எப்பிடி அடைக்கப்போறியள் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை” என்றார்.

அவர் சொன்னதில் எங்கள் ஊர்ச் சந்தையின் பெரிய நோய் ஒன்று இருக்கிறது. பழைய மரச்சட்டத்தை அப்படியே விட்டு அதற்குள் புது யன்னலைச் செருகுவது ஒரு முறை. அரை நாள் வேலை, விலையும் குறைவு. செங்கல் வரை எல்லாவற்றையும் கழற்றி, மரம் உக்கியிருந்தால் மாற்றி, தண்ணீர் வெளியே வடியும்படி அடியில் தாள் விரித்து, சுற்றிவர நுரை அடித்து மூடுவது இன்னொரு முறை. இதை இங்கே பிறிக்-ரு-பிறிக் என்கிறார்கள். உக்கிய மரத்துக்குள் மிக உயர்ந்த பைபர்கிளாஸைச் செருகியவரைவிட, சாதாரண வைனிலைச் செங்கல் வரை போய்ப் பூட்டியவர் சூடாக இருப்பார். வெளியே அலுமினியத் தகட்டால் மூடிவிட்டால் இரண்டும் ஒரே வடிவு. உள்ளே நடந்தது அடுத்த முறை யாராவது நெம்பும்வரை தெரியாது. காசு குறைவாக இருந்தால் சட்டத்தின் தரத்தில் ஒரு படி இறங்கலாம். பூட்டுகிற முறையில் இறங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. காற்று புகும் இடுக்குகளை இப்படி அடைத்த பிறகு சமையலறை விசிறியை வெளியே காற்றைத் தள்ளும்படி பூட்டி, சமைக்கும்போதெல்லாம் போடவும் வேண்டும். பழைய வீட்டின் ஈரம் அந்த இடுக்குகளால்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது.

விலை கேட்டபோது எங்களுக்குப் பைபர்கிளாஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது. விற்க வந்த பெடியன் நல்ல பிள்ளை. சட்டத்தின் வெட்டுத்துண்டை மேசையில் வைத்து, சூட்டு விளக்கைப் பிடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் என் கையை வைக்கச் சொல்லிக் காட்டினான்.

“இதுக்கு லைஃப்டைம் வறண்டி, அங்கிள்.”

“ஆற்றை லைஃப்டைம், தம்பி?”

அவன் மறைக்கவில்லை. “வீடு உங்கடை பேரிலை இருக்கிற மட்டும்.”

அந்தப் பதிலோடு நான் பல நாட்கள் இருந்தேன். வைனிலுக்கு இருபது, முப்பது வருடம் என்கிறார்கள். பைபர்கிளாஸுக்கு நாற்பது வரை சொல்கிறார்கள். இரண்டிலும் கண்ணாடித் தட்டுகளின் ஓர முத்திரை பெரும்பாலும் அதற்கு முன்பே, பதினைந்து இருபது வருடத்தில், விட்டுக்கொடுக்கும். இடையில் ஈரம் புகுந்து புகை படிந்ததுபோல் ஆகும். அப்போது சட்டம் கோணாமல் நின்றால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். பைபர்கிளாஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு உண்மையில் அந்த இரண்டாவது கண்ணாடிக்காகக் கொடுப்பது. அதற்கு அந்த வீட்டில் நாங்கள் இருக்க வேண்டும், அல்லது எங்கள் பிள்ளைகளாவது இருக்க வேண்டும்.

ஒரு வீட்டில் எவ்வளவு காலம் இருப்போம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லை. 1990இல் போரால் இலங்கையின் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து ஓடிய சனம், போர் முடிந்து காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டபோது திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். பலருடைய வீட்டில் கூரை இல்லை; கதவு இல்லை; யன்னல்கள் நிலையோடு பெயர்க்கப்பட்டிருந்தன. சிலருக்குச் சுவரும் இல்லை. நாற்பது வருடம் நிற்கும் என்று நம்பி வாங்கிய மரத்தில்தான் அந்த நிலைகளையும் செய்திருப்பார்கள். இங்கே வந்து வீடு வாங்கியபோதும் ஐந்து வருடத்தில் விற்றுவிட்டு ஏஜக்ஸுக்குப் போவோம், ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போவோம் என்றுதான் பேசினோம். பேசிக்கொண்டே பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். விற்கப்போகிறவருக்கு வைனில்தான் சரி. வாங்க வருபவர் புது யன்னல் என்று பார்ப்பாரே ஒழியச் சட்டத்தின் உள்ளறைகளை எண்ண மாட்டார். அதில் குறைவாக எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் விற்கப்போவதில்லை என்பதை இந்த யன்னல் விலைப்பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டுதான் நானும் மனைவியும் முதல் தடவையாக ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொன்னோம்.

நாங்கள் மட்டும் இருக்கும் கணக்கும் அல்ல இது. 1974இல் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரில், பி.வி.சி. செய்யும் ஆலையில் வேலை செய்தவர்கள் ஈரலில் வரும் மிக அரிதான ஒரு புற்றுநோயால் இறந்திருப்பது வெளிவந்தது. வைனில் குளோரைட் என்ற மூலப்பொருளின் வாயுவை அவர்கள் வருடக்கணக்காகச் சுவாசித்திருந்தார்கள். அடுத்த வருடமே வேலைத்தளக் காற்றில் அதன் அளவைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. 2023 மாசி 3ஆம் திகதி ஒஹாயோவின் ஈஸ்ற் பலஸ்தைன் ஊரில் சரக்கு ரயில் தடம்புரண்டு, ஐந்து தாங்கி வண்டிகளிலிருந்த அதே வைனில் குளோரைட்டை வேண்டுமென்றே எரித்தபோது, சுற்றியிருந்த சனம் வீடுகளை விட்டு வெளியேறியது. சட்டமாகச் சுவரில் ஏறிய பிறகு அது எங்களை ஒன்றும் செய்யாது. அதற்கு முந்திய பாதையில் நின்றவர்களின் செலவு விலைப்பட்டியலில் இல்லை. இதை வைத்துப் பைபர்கிளாஸைப் புனிதமாக்கவும் முடியாது. அதன் பிசினில் பெரும்பாலும் ஸ்ரைறீன் உண்டு. அதுவும் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். வைனிலையாவது உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஜேர்மனியில் செய்கிறார்கள். இறுகிய பைபர்கிளாஸ் குப்பை நிலத்துக்குத்தான். ஆகவே நான் கண்ட ஒரே நேர்மையான வழி குறைவாக வாங்குவது: மாற்றத் தேவையில்லாத யன்னலை மாற்றாமல் விடுவது, மாற்றியதை நெடுங்காலம் வைத்திருப்பது.

இந்த அளவுக்கு வந்து, முன்னறை யன்னலைப்பற்றி நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார்:

“மேலை உள்ளதை விடுங்கோ. கீழை இருக்கிற பிள்ளையள் நெருப்பெண்டால் எதாலை வெளியிலை வாறது?”

கீழே இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நாங்களும் இந்த நகரத்தில் முதலில் படுத்தது ஒரு நிலக்கீழ் அறையில்தான். யன்னல் கூரையோடு ஒட்டி இருக்கும். தைமாதத்தில் பனி மூடினால் பகல் எது என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அறிவோம். யன்னல் மாற்றும் வீடுகளின் பட்டியலில் இந்தக் கீழ் யன்னல் எப்போதும் கடைசி வரி. தெருவுக்குத் தெரியாதது, ஆகவே மலிவானது போதும் என்று விட்டுவிடுவார்கள்.

ஒன்ராறியோக் கட்டடச் சட்டத்தில் ஓர் எளிமையான விதி உண்டு. படுக்கையறை உள்ள தளத்தில், நேரே வெளியே போகும் கதவு இல்லையென்றால், ஆள் வெளியேறக்கூடிய யன்னல் ஒன்றேனும் இருக்க வேண்டும். திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும். 380 அகலம் என்றால் உயரம் 920க்கு மேல் வேண்டும். நான் அளவு நாடாவோடு கீழே போனேன். எங்கள் கீழ் யன்னல் 80 சென்ரிமீட்டர் அகலம், 45 உயரம். பக்கவாட்டில் இழுப்பது, ஆகவே பாதிதான் திறக்கும். நாற்பதுக்கு நாற்பத்தைந்து, அதாவது 0.18 சதுர மீட்டர்; வேண்டியதில் பாதி. அதற்குள் புதுச் சட்டம் ஒன்றைச் செருகினால் ஒவ்வொரு பக்கமும் இன்னும் ஓர் அங்குலமாவது போய்விடும். குளிருக்கு நல்லது என்று நாங்கள் கொடுக்கும் காசு அந்தப் பிள்ளைகளின் வழியை இன்னும் நெருக்கியிருக்கும்.

கீழ்ப்பக்கக் கொங்கிறீற்றை வெட்டி இறக்கி, வெளியே மண்ணைத் தோண்டிக் கிணறுபோல் ஒரு குழி அமைத்து, அதில் விழும் மழைநீர் அத்திவாரத்து வடிகாலுக்குப் போக வழி செய்து, கதவைப்போல் முழுவதும் விரியும் யன்னலைப் பூட்ட வேண்டும். நகரசபை அனுமதி தேவை. இந்த ஒரு யன்னலுக்கு, அதுவும் சாதாரண வெள்ளை வைனிலுக்கு, முன்னறைப் பைபர்கிளாஸைவிடக் கூடுதலாகச் செலவு வந்தது. பெரும்பங்கு கொங்கிறீற்றுக்கும் குழிக்கும்தான்.

நாங்கள் தீர்த்தது இப்படி: தெற்குப் பார்த்த முன்னறை யன்னல் பைபர்கிளாஸ், மூன்று தட்டு, செங்கல் வரை கழற்றிப் பூட்டுவது. பின்பக்கச் சிறிய அறைகள் இரண்டுக்கும் வெள்ளை வைனில். சமையலறை யன்னல் நன்றாகத்தான் இருக்கிறது. ரப்பர் விளிம்பை மட்டும் மாற்றினோம். எல்லாவற்றுக்கும் ஒரே வருடத்தில் காசு போதாது. அனுமதி வந்ததும் இந்தக் கோடையில் கீழ் யன்னலை வெட்டுகிறார்கள். முன்னறைக்கு இன்னொரு பனிக்காலம் துவாய் போதும்.